நாலாம் நம்பர் தட்டு

நாகப்பன்: போட மாட்டேன்னா போட மாட்டேன். எத்தனை தடவ சொல்றது?

குகனேஸ்வரன்: ஒரே ஒரு கையெழுத்து அண்ணே. கோலாலம்பூர்ல இருந்து விடியக்காலம் நாலு மணிக்குக் கெளம்பி, தாப்பா ரோட்டுல வளைஞ்சி வளைஞ்சி, வாந்தி எடுக்காத கொறையா வந்திருக்கேன்.

நாகப்பன்: நான் வரச் சொன்னேனா?

குகனேஸ்வரன்: இன்னைக்குத் தொண்ணூறாவது நாளு. தட்டுக்கு நீங்கதானே காவல். நீங்க போடாம வேற யாரு போடுவா?

நாகப்பன்: ஆபீசுல கணக்குப் பாக்குற கிராணிகிட்டப் போ. அவருதானே உன்ன இங்க கொண்டாந்து விட்டாரு. 'நாகப்பன் வீட்டுக் கூரைக்கு மரம் மட்டை மறைப்பு இல்ல, அங்கயே வை'ன்னு. அவரே போடட்டும்.

குகனேஸ்வரன்: அவரு ஒரு நாள் கூட ஏறிப் பார்க்கலயே அண்ணே.

நாகப்பன்: பார்த்துட்டுத்தான் போடணும்னா இந்தத் தோட்டத்துல ஒரு பேப்பரும் நகராது.

வேலாயி: தம்பி, கோப்பி ஆறிப் போவுது. குடிங்க மொதல்ல. இவரு காலையில எழுந்ததுல இருந்தே இப்படித்தான். பல்லு வெளக்குற பிரஷ்ஷக் கூட சந்தேகமாப் பார்த்துட்டு வந்தாரு.

நாகப்பன்: நீ போயி அடுப்பப் பாரு.

வேலாயி: அடுப்பு அங்கயேதான் இருக்கும், எங்கயும் ஓடாது. பேச்சுதான் இங்க நடக்குது.

குகனேஸ்வரன்: அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க.

வேலாயி: கட்டி நாப்பத்தாறு வருசம். நான் சொல்லி ஒரு சட்டைய மாத்தினது இல்ல. இதுல கையெழுத்து.

நாகப்பன்: சரி, படி. பேப்பர்ல என்ன இருக்கு? மலாய்ல எழுதியிருக்கு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். முழுசா வெளங்காது.

குகனேஸ்வரன்: தமிழ்லயே சொல்றேன். 'நாகப்பன் ஆகிய என் வீட்டுப் பின்கூரையில் நாலு கண்ணாடித் தட்டுகள் வைக்கப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றுமே முப்பதாவது நாளுக்குள் மஞ்சளாகி, கழற்றி எடுக்கப்பட்டன. நாலாம் நம்பர் தட்டு மட்டும் கருப்பு மாறாமல் தொண்ணூறு நாளும் வெயில், மழை, பனி எல்லாவற்றிலும் திறந்தபடி...'

நாகப்பன்: நில்லு. திறந்தபடி.

குகனேஸ்வரன்: ஆமா. 'மூடாமல், எடுக்காமல், திறந்தபடி இருந்தது என்று உறுதி கூறுகிறேன்.' அவ்வளவுதான். பேரு, தேதி, கையெழுத்து.

நாகப்பன்: மூடாம. எடுக்காம.

குகனேஸ்வரன்: ஆமாண்ணே.

நாகப்பன்: போட மாட்டேன்.

குகனேஸ்வரன்: ஐயோ அண்ணே!

வேலாயி: தம்பி, பிஸ்கட் தொட்டுக்கோங்க. பொறுமையும் சேர்த்துத் தொட்டுக்கோங்க.

குகனேஸ்வரன்: என்ன பயம் உங்களுக்கு? வீட்ட எழுதி வாங்கறேன்னா? கூரைய எடுத்துட்டுப் போயிருவேன்னா?

நாகப்பன்: வீடு என்னுது இல்ல, தோட்டத்துது. கூரை ஒழுகற கூரை. உனக்கு வேணும்னா எடுத்துக்க.

குகனேஸ்வரன்: அப்ப என்னதான் பிரச்சினை?

நாகப்பன்: பேப்பரு. பேப்பருதான் பிரச்சினை. சொல்றேன், கேட்டுக்க. நான் புல்லுக்கு மருந்து அடிச்ச ஆளு. இருபத்திரண்டு வருசம் முதுகுல டின்ன மாட்டிக்கிட்டு இந்த மலை பூரா ஏறி எறங்கினேன். காலுக்குச் சப்பாத்து கெடையாது. கைக்கு உறை கெடையாது. எங்கள வேலை வாங்குற மண்டோர் என்ன சொல்வான் தெரியுமா? 'தண்ணி மாதிரிதான் லா, ஒண்ணும் பண்ணாது'ம்பான்.

வேலாயி: நகம் ரெண்டு தடவ வுழுந்துச்சு தம்பி. பத்து வெரல்லயும். சோத்தப் பெசைய முடியாம நான் ஊட்டி விட்டேன். பசியில என் வெரலயும் சேர்த்துக் கடிச்சாரு.

நாகப்பன்: அது இப்ப எதுக்கு? கேளு தம்பி. ஒரு நாள் பழைய மேனேஜர் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாரு. மேசையில ஒரு பேப்பரு. 'கையுறை, முகமூடி, சப்பாத்து எல்லாம் எனக்குக் கெடைச்சுது.' கையெழுத்துப் போடுன்னாரு. எங்க சார் கையுறைன்னு கேட்டேன். 'லோரி நாளைக்கு வருது, இன்னைக்குப் போட்டு வை'ன்னாரு. போட்டேன்.

குகனேஸ்வரன்: லோரி?

நாகப்பன்: இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. நகம் வுழுந்து ஆபீசுக்குப் போயி கையக் காட்டினேன். பேப்பர எடுத்து எனக்கே காட்டினாங்க. 'இது யாரு கையெழுத்து நாகப்பா? உறை குடுத்தும் நீ போடலன்னா நாங்க என்ன செய்யறது?'

குகனேஸ்வரன்: அது உங்க கையெழுத்துதானா?

நாகப்பன்: என் கையெழுத்துதான். கோணல் மாணலா, 'ன்'னுக்கு மேல புள்ளி கூட வெச்சிருந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன். கண்ணால பார்த்து, கையால தொட்டு, உள்ளது உள்ளபடி இருந்தாத்தான் பேனாவத் தொடுவேன்.

குகனேஸ்வரன்: இதுவும் உள்ளது உள்ளபடிதானே அண்ணே? தட்டு மேலதான் இருக்கு. கருப்பாதான் இருக்கு. வந்ததும் ஏறிப் பார்த்துட்டேன். அம்சவல்லிக்கு போட்டோ அனுப்பினேன். அந்தப் பொண்ணு லேபுல குதிக்குதாம்.

வேலாயி: எந்தப் பொண்ணு?

குகனேஸ்வரன்: என்கூட வேலை செய்யுது அக்கா. நாங்க ரெண்டே பேருதான். மூணு வருசமா இந்த ஒரு சாமானத்தான் மாத்தி மாத்திச் செஞ்சிக்கிட்டு இருக்கோம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு யூனிவர்சிட்டி மேலிடத்துல கூட்டம். 'வெளியில, மழையில, தொண்ணூறு நாள் தாங்குமா'ன்னு ஒரே கேள்விதான் கேப்பாங்க. தாங்கும்னா வேலை தொடரும். இல்லன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டி ஸ்டோர்ல போட்டுட்டு, என்னை முழு நேரமும் பாடம் எடுக்க அனுப்பிருவாங்க. அந்தப் பொண்ணு வேற வேலை தேடிக்கணும். எனக்கு அம்பத்திரண்டு வயசு. இன்னொரு மூணு வருசம் யாரும் குடுக்க மாட்டாங்க.

நாகப்பன்: துரை பங்களா மேல வெயில்ல கரண்ட் எடுக்க நீலமா பெரிய பெரிய பலகை இருக்கே. அது நல்லாத்தானே ஓடுது? பொறவு உன்னுது எதுக்கு?

குகனேஸ்வரன்: அது மணல உருக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல காய்ச்சிச் செய்யறது. கனமும் அதிகம், வெலையும் அதிகம். இந்த லைன் வீட்டுக் கூரை அதத் தாங்குமா? என்னுது மை மாதிரி. கண்ணாடி மேல ஊத்தி, பரப்பி, நூறு டிகிரியில காய வெச்சாப் போதும்.

வேலாயி: தோசைன்னு சொல்லுங்க.

குகனேஸ்வரன்: தோசையேதான் அக்கா. ஆனா ஒரு தலைமுடிய நூறா வகுந்தா எவ்வளவு மெலிசு வருமோ அவ்வளவு மெலிசு.

வேலாயி: அப்ப பசி ஆறாது.

குகனேஸ்வரன்: பெரோவ்ஸ்கைட்டுன்னு பேரு. கொஞ்ச வெளிச்சம் இருந்தாலும் போதும், பனி மூட்டத்துலயும் கரண்ட் குடுக்கும். அதுக்குத்தான் கேமரன் மலைக்கே கொண்டாந்தேன். ஒரே ஒரு கெட்ட குணம். ஈரம் ஆகாது.

நாகப்பன்: ஈரம் ஆகாதத இங்க கொண்டாந்து வெச்சியா? இங்க ஈரத்தத் தவிர வேற என்ன வெளையுது?

குகனேஸ்வரன்: இங்க தாங்கினா எங்கயும் தாங்கும்லா. சொல்றேன் கேளுங்க. அந்தப் படலம் முழுசா ஒரே தகடு இல்ல. பொடிப் பொடிப் படிகமா நெருக்கி ஒட்டியிருக்கும். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல வெடிப்பு. தண்ணி அங்கதான் நுழையும். நுழைஞ்சா கருப்பு மஞ்சளாயிரும். கரண்ட் போச்சு.

நாகப்பன்: பேக்டரி ரோட்டுச் சிமெண்டு மாதிரி.

குகனேஸ்வரன்: அதேதான். நாலாம் நம்பர்ல மட்டும் அந்த வெடிப்ப அடைக்க ஒரு மருந்து...

நாகப்பன்: என்ன மருந்து?

குகனேஸ்வரன்: இல்ல... மருந்துன்னா... ஒரு சாமான் கலந்திருக்கோம். அம்சவல்லி கண்டுபிடிச்சது. ஒரு முனை வெடிப்புல போயி ஒட்டிக்கும். இன்னொரு முனை தண்ணியத் தள்ளி விட்டுரும்.

வேலாயி: சேம்பு இலையில தண்ணி நிக்காதே, அப்படியா?

குகனேஸ்வரன்: அப்படித்தான் அக்கா. மத்த மூணுலயும் அது இல்ல. ஒண்ணு பழைய மாதிரியே செஞ்சது. ரெண்டும் மூணும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தினது. மூணும் ஒரு மாசத்துல போயிருச்சு. நாலு நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?

நாகப்பன்: மூணும் போச்சுன்னு சொன்னியே. அத எடுக்க வந்த அன்னைக்கு ஞாபகம் இருக்கா?

குகனேஸ்வரன்: முப்பதாவது நாளு. ஏன் இல்லாம?

நாகப்பன்: நாலு தட்டையும் வைக்கும்போது வெறுங்கையால வெச்ச. தொடச்சி, முத்தம் குடுக்காத கொறை.

வேலாயி: பிள்ளைக்கு மருதாணி வெச்ச மாதிரி மெதுவா வெச்சீங்க தம்பி.

நாகப்பன்: மஞ்சளாப் போனத எடுக்க வந்தப்ப, ரோட்டுல நிறுத்தியிருந்த உன் காடியில இருந்து ஒரு ஜோடி ரப்பர் உறைய எடுத்து மாட்டின. ஏணியில ஏறறதுக்கு முன்னால அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்த. நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால இருந்தேன்.

குகனேஸ்வரன்: அண்ணே, அது...

நாகப்பன்: தட்ட பிளாஸ்டிக் பையில போட்டு, அந்தப் பைய இன்னொரு பையில போட்டு, உறையையும் கழட்டி அதுக்குள்ளயே போட்டு முடிச்சுப் போட்ட. கீழ வந்து என்கிட்ட என்ன சொன்ன? சொல்லு லா.

குகனேஸ்வரன்: 'வெறும் கண்ணாடிதான் அண்ணே'ன்னு சொன்னேன்.

நாகப்பன்: வெறும் கண்ணாடிக்கு ரெண்டு பை.

வேலாயி: கோப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

நாகப்பன்: ஊத்தாத. பதில் சொல்லட்டும். அதுல என்ன இருக்கு?

குகனேஸ்வரன்: ஈயம்.

வேலாயி: ஈயமா? எங்கம்மா ரசம் வெச்சது ஈயச் சொம்புலதானே? ருசி தூக்குமே!

குகனேஸ்வரன்: அது வெள்ளீயம் அக்கா. அது சமையலுக்கு ஆகும். இது காரீயம். காடி பேட்டரிக்குள்ள இருக்கறது. உடம்புக்குள்ள போகக் கூடாது. சின்னப் பிள்ளைங்களுக்கு ரொம்பக் கெடுதல்.

நாகப்பன்: வந்துச்சா வெளிய?

குகனேஸ்வரன்: கொஞ்சம்தான் அண்ணே. ஒரு தட்டுல இருக்கற மொத்த ஈயத்தையும் சொரண்டி எடுத்தாலும் ஒரு அரிசி அளவு வராது. அதுவும் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கு. ஓரம் விட்டாத்தான்...

நாகப்பன்: விட்டுச்சே! ரெண்டாம் நம்பர் ஓரத்துல இருந்து கூரை ஜிங்குத் தகரத்து மேல மஞ்சக் கோடு. நான் பார்த்தேன். அந்தக் கூரைத் தண்ணி எங்க வுழுது? எங்க டிரம்முல. பைப்புத் தண்ணி காலையில ரெண்டு மணி நேரம்தான். மத்ததுக்கெல்லாம் அந்த டிரம்முதான். லீவுக்குப் பேரப்புள்ளைங்க வந்தா அதுலதான் முங்கி முங்கிக் குளிக்குதுங்க.

குகனேஸ்வரன்: அதனாலதான் அன்னைக்கே ஒரு போத்தல்ல...

நாகப்பன்: என்ன போத்தல்?

குகனேஸ்வரன்: உங்க டிரம்முத் தண்ணிய ஒரு போத்தல்ல புடிச்சிட்டுப் போனேன். உங்களுக்குத் தெரியாம. லேபுல பார்த்தோம்.

வேலாயி: அடப்பாவி மனுசா.

நாகப்பன்: இருந்துச்சா?

குகனேஸ்வரன்: இருந்துச்சு. ஆனா குடிக்கற தண்ணிக்கு எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு சொல்றாங்களோ, அதுக்குக் கீழதான். பாதி கூட இல்ல. அந்தப் பேப்பர் காடியில இருக்கு, கொண்டாந்து காட்டறேன்.

நாகப்பன்: பேப்பரு! பாதி கூட இல்லன்னு அன்னைக்கே வந்து வாயால சொல்லியிருந்தா என்ன?

குகனேஸ்வரன்: சொன்னா தட்டு எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு சொல்லிருவீங்க. நாலாம் நம்பரும் போயிரும்னு பயந்தேன். கீழ வேற கூரையில முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்கு நாள் இல்ல.

நாகப்பன்: மண்டோரும் இப்படித்தான். அவனுக்கும் நாள் இருக்காது.

குகனேஸ்வரன்: மண்டோரோட என்னைச் சேர்க்காதீங்க அண்ணே.

நாகப்பன்: எதுல வித்தியாசம்? சொல்லு. அவனும் தண்ணி மாதிரின்னான். நீயும் கண்ணாடின்னு சொன்ன.

வேலாயி: இவரு போத்தல்ல புடிச்சிட்டாச்சும் போனாரு. அவன் மோந்து கூடப் பார்த்ததில்ல. அந்த அளவுக்கு வித்தியாசம் இருக்கு.

நாகப்பன்: நீ யாரு பக்கம்?

வேலாயி: நான் அடுப்புப் பக்கம். நீங்கதானே போகச் சொன்னீங்க.

குகனேஸ்வரன்: தப்புதான் அண்ணே. மறைச்சது தப்பு. கால்ல விழணும்னா விழறேன். போறதுக்கு முன்னால டிரம்ம மாத்தித் தர்றேன். ஓரத்துக்கு வேற பசை போட்டுத்தான் இனி எந்த வீட்டுக் கூரைக்கும் ஏத்துவேன். ஈயம் இருக்குன்னு சொல்லிட்டுத்தான் ஏத்துவேன். ஆனா இந்தக் கையெழுத்து... நாலாம் நம்பர் தாங்கினது நெசம் அண்ணே. அதுல பொய் இல்ல.

நாகப்பன்: இருக்கு.

குகனேஸ்வரன்: என்ன?

நாகப்பன்: பொய் இருக்கு. அதனாலதான் போடலன்னு சொல்றேன். நீ பேப்பரப் படிச்சதுல இருந்து அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

குகனேஸ்வரன்: வெளங்கல.

நாகப்பன்: 'மூடாமல், எடுக்காமல்.' எடுத்தேன்.

குகனேஸ்வரன்: எப்ப?

நாகப்பன்: நீ உறை மாட்டின அன்னைக்குச் சாயங்காலமே டிரம்மக் கவுத்து ஊத்தினேன். தேய்ச்சுக் கழுவினேன். மறுநாளு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. நாலாம் நம்பர எறக்கினேன்.

குகனேஸ்வரன்: ஒரு நாளா?

நாகப்பன்: எல்லா நாளும்.

குகனேஸ்வரன்: அண்ணே...

நாகப்பன்: வெயில் அடிச்சா மேல. மழை வந்தா உள்ள. பொழுது சாஞ்சா உள்ள. ராத்திரி எப்பப் பேயும்னு யாருக்குத் தெரியும்? வயர்க் கொக்கியக் கழட்டி, கோணிச் சாக்குல சுத்தி, முன் அறைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு நான் சாமிநாதன் கடைக்குப் போயிருவேன். மழை விட்டதும் வேலாயி எடுத்துக் குடுப்பா. ஏறி மாட்டுவேன். எழுபத்திரண்டு வயசுல அறுபது நாளா ஏணியில ஏறி எறங்கறேன்.

குகனேஸ்வரன்: தூக்கி எறிஞ்சிருக்கலாமே. ஏன் எறியல?

நாகப்பன்: தொண்ணூறு நாளு பார்த்துக்கறேன்னு வாய் விட்டுட்டேன்ல. சொன்னா சொன்னதுதான். ஆனா டிரம்முல வெசம் வுழ விட மாட்டேன். ரெண்டும் ஆகணும். அதுக்கு என்ன வழியோ அதச் செஞ்சேன். வெயில்ல வெச்ச சாமான மழை வந்தா உள்ள எடுக்கறதுதானே வழக்கம்? வடகத்த எடுக்கறோம், துணிய எடுக்கறோம். மழையில நனையறதுக்குன்னே ஒரு சாமான வைப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்ப நீ பேப்பரப் படிச்சப்பதான் மழையும் கணக்குன்னே வெளங்குது.

குகனேஸ்வரன்: மொத நாளே சொன்னேனே, எதுவும் செய்ய வேணாம், சும்மா விட்டுருங்கன்னு.

நாகப்பன்: சும்மா விடுன்னு சொன்னவன் பின்னால வந்து உறைய மாட்டினா நான் எத நம்பறது?

வேலாயி: தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா? பைப்புத் தண்ணிதான்.

குகனேஸ்வரன்: வேணாம் அக்கா.

நாகப்பன்: என்னடா இவன் கத்தல? கத்துவன்னு பார்த்தேன்.

குகனேஸ்வரன்: கத்தறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல அண்ணே. எனக்குத் தெரியும்.

நாகப்பன்: என்ன தெரியும்?

குகனேஸ்வரன்: செவுத்துல ஒரு கருப்புப் பெட்டி மாட்டியிருக்கேன்ல. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ எவ்வளவு கரண்ட் வருதுன்னு குறிச்சிக்கிட்டே இருக்கும். மத்தியானம் ரெண்டு, ரெண்டரை ஆனா ஒண்ணுமே வராம சுழி. பட்டுன்னு சுழி. மழை நேரம்தானே, இருட்டிருச்சுன்னு நெனைச்சிக்கிட்டேன்.

நாகப்பன்: மழையில இருட்டத்தானே செய்யும்.

குகனேஸ்வரன்: பகல்ல எவ்வளவு இருட்டினாலும் சுத்தமா சுழி ஆகாது. பனி மூடினாலும் ஒரு துளி வரும். அதுதான் இந்தச் சாமானோட பெருமையே. வயரக் கழட்டினாத்தான் சுழி. ஒரு வாரம் பார்த்ததுமே எனக்கு ஒறைச்சிருச்சு.

நாகப்பன்: ஒறைச்சும் போன் போட்டுக் கேக்கல?

குகனேஸ்வரன்: கேக்கல.

நாகப்பன்: ஏன்?

குகனேஸ்வரன்: கேட்டா நீங்க உண்மையச் சொல்லிருவீங்க.

வேலாயி: நல்லாத்தான் இருக்கு. படிச்சவரும் மறைக்கிறாரு, படிக்காதவரும் மறைக்கிறாரு. நடுவுல அந்தத் தட்டு பாவம்.

குகனேஸ்வரன்: நீங்க போட்டுட்டா பொறவு அது உங்க பொறுப்புன்னு மனசத் தேத்திக்கிட்டு வந்தேன். அந்தப் பழைய மேனேஜர் செஞ்சதேதான். நீங்க கதை சொல்லும்போதே எனக்கு முகத்த எங்க வைக்கறதுன்னு தெரியல.

நாகப்பன்: ம்.

குகனேஸ்வரன்: திட்டுங்க அண்ணே.

நாகப்பன்: திட்டி என்ன ஆகப் போவுது? நாளைக்கு என்ன செய்யப் போற?

குகனேஸ்வரன்: இந்தப் பேப்பரக் கிழிச்சிர்றேன். இந்தா... கிழிச்சாச்சு. வேற எழுதறேன். 'மழையில் முப்பது நாள் மட்டுமே. அதன் பின் மழை நேரத்தில் உள்ளே எடுக்கப்பட்டது.' மத்த மூணும் போன அதே முப்பது நாள்ல இது போகல. அது நெசம். அத வெச்சி என்ன கெடைக்குமோ கெடைக்கட்டும்.

நாகப்பன்: கெடைக்குமா?

குகனேஸ்வரன்: கெடைக்காது. முப்பது நாளுக்கு எல்லாரும் கை தட்டுவாங்க. பொறவு பாடம் எடுக்கப் போன்னு சொல்லிருவாங்க.

நாகப்பன்: அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்வ?

குகனேஸ்வரன்: தெரியல. குதிக்கிறத நிறுத்துன்னு சொல்லணும். பேனா குடுங்க அக்கா, என்னுது காடியில இருக்கு. எழுதிட்டேன்னா படிச்சிக் காட்டறேன்.

வேலாயி: அவசரமா?

குகனேஸ்வரன்: மழைக்கு முன்னால எறங்கணும். ரிங்லெட் தாண்டிட்டாப் போதும்.

வேலாயி: இந்தாங்க. ஆனா எழுதறதுக்கு முன்னால...

நாகப்பன்: எழுதட்டும், விடு. முப்பதுன்னு எழுது தம்பி. அதுக்கு நான் போடறேன். அது கண்ணால பார்த்தது. புள்ளி வெச்சே போடறேன்.

குகனேஸ்வரன்: சரிண்ணே. 'முப்பது நாள்...'

வேலாயி: ஏங்க, போடாதீங்க.

நாகப்பன்: இப்ப உனக்கு என்ன?

வேலாயி: அதுவும் பொய்யாப் போயிரும்.

நாகப்பன்: எது பொய்யாப் போயிரும்? நான்தானே எறக்கினேன்? நான்தானே சுத்தி வெச்சேன்?

வேலாயி: நீங்கதான் எறக்கினீங்க. நீங்கதான் சுத்தினீங்க. கோவப்பட மாட்டேன்னு சொன்னாத்தான் மிச்சத்தச் சொல்வேன்.

நாகப்பன்: சொல்லித் தொலை.

குகனேஸ்வரன்: அக்கா, என்ன அக்கா?

வேலாயி: நானும்தான் தம்பி அன்னைக்கு உறையப் பார்த்தேன், அடுப்படி சன்னல் வழியா. வெசத்தக் கட்டிலுக்கு அடியில வெச்சிட்டு நான் எப்படிக் கண்ண மூடறது? இவரு சாமிநாதன் கடைக்குப் போன மறு நிமிசம் சாக்கப் பிரிச்சித் தட்ட வெளிய எடுத்துருவேன். பின்னால தேயிலைச் செடி ஓரத்துல என் பழைய கூடையக் கவுத்து, அது மேல மல்லாக்க வெச்சிருவேன், டிரம்முக்குப் பத்து அடி தள்ளி. ராத்திரி இவரு கொறட்டை விட்டதும் அதே கதைதான். பேஞ்ச மழை அத்தனையும் அது மேலதான் பேஞ்சுது, அறுபது நாளும், ஒரு சொட்டு மிச்சமில்லாம. போன மாசம் ரெண்டு நாளு விடாம ஊத்தினப்ப சேத்துல சறுக்கி வுழுந்து கெடந்துச்சு, எடுத்துத் தொடச்சேன், அப்பவும் கருகருன்னுதான் இருந்துச்சு. இவரு இருமுற சத்தம் கேட்டதும் தொடச்சித் துண்டுல காய வெச்சி, சாக்குல இருந்து எடுத்துக் குடுக்கற மாதிரி குடுப்பேன்... இத்தனை நாளா இவரு பத்திரமாக் கட்டிலுக்கு அடியில காவல் காத்தது என் மீன் வெட்டுற பலகைய.